தொழுவத்தில் தொங்க வேண்டிய சட்டை

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் கடற்கரையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுவோம். கரிசல் காட்டில் பிறந்து, கரிசல் காட்டில் மாடு மேய்த்து வளர்ந்த மனிதருக்குக் கடற்கரை என்று பெயர் வைத்தது அவருடைய அப்பாவின் நேர்ச்சை. அதை வைத்து அடிக்கக்கூடிய கேலியையெல்லாம் எங்கள் சைக்கிள் கிளப்காரர்கள் முதல் வாரத்திலேயே அடித்துத் தீர்த்துவிட்டார்கள். அவரும் முதல் வாரத்திலேயே சிரித்துத் தீர்த்துவிட்டார். அதனால் நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

நான் ஆண்ட்ரூஸ். கோவில்பட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஒண்ணு சைக்கிள் மிதியுங்க, இல்ல மாத்திரை முழுங்குங்க" என்றார். இப்போது இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். அப்படி மாத்திரைக்குப் பயந்தவர்கள், முட்டி வலிக்காரர்கள், ஜெயகிருஷ்ணன் சார் மாதிரி உண்மையிலேயே சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் எங்கள் கிளப். ஜெயகிருஷ்ணன் சார் மின்வாரியத்தில் என்ஜினீயர். கிளப்புக்குத் தலைவர். அவர் சைக்கிளைத் துடைக்கிற துணி என் சட்டையைவிட நல்ல துணி.

ஒரு நாள் விடிகாலை கடலையூர் ரோட்டில் எதிர்காற்றில் மிதித்து, முடியாமல், எல்லோரும் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பின்னாலிருந்து ஒரு பழைய கறுப்பு சைக்கிள் வந்தது. கேரியரில் பெரிய பால் கேன், பக்கவாட்டில் இன்னொன்று. நம்ம கடற்கரை. என்னைப் பார்த்ததும் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, எல்லா வண்டியும் ஒண்ணுபோல ரிப்பேராயிட்டா? கயிறு இருக்கு, கட்டி இழுக்கட்டா?"

கேலி செய்திருந்தால் பரவாயில்லை. மனிதர் நிஜமாகவே உதவி செய்யத்தான் கேட்டார். ஜெயகிருஷ்ணன் சார் அந்த இடத்திலேயே அவரைக் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்.

இவர் வந்து எங்கள் மானத்தையெல்லாம் வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பார்த்தால், கேன் இல்லாத சைக்கிளில் ஏறிய கடற்கரைக்கு நேராகப் போகத் தெரியவில்லை. முன் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. முப்பது வருஷமாகப் பின்னால் பாரத்தோடு மிதித்தவர். பாரம் இல்லையென்றால் சைக்கிள் தூக்கிக்கொண்டு பறந்துவிடும்போல் இருக்கிறது என்றார். ரயில்வே மேம்பாலம் இறங்குவதற்குள் இரண்டு முறை என்மேல் மோத வந்தார்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த வாரம் பால் கேனைக் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்து, கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள் அம்பு மாதிரி போனது. அன்றிலிருந்து எங்களுக்கு ஓடும் தண்ணீர்ப் பந்தல் ஒன்று கிடைத்துவிட்டது. பாட்டில் கொண்டுவரும் வழக்கத்தையே விட்டுவிட்டோம்.

ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். நாள் முழுக்க மிதிக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு மிதி?

"சைக்கிள்ல சும்மா ஒரு எடத்துக்குப் போனதே இல்ல அண்ணாச்சி. எங்க போனாலும் அங்கன ஒருத்தர் சட்டியோட வாசல்ல நிப்பாவ. யாரும் நிக்காத எடத்துக்குப் போனா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஒரு ஆசை."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

கறவை மாடு வைத்திருப்பவன் சிறைவாசி. காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் அவனுடைய உலகம். தம்பி கல்யாணத்துக்கு மதுரை போனவர் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினார். மகள் கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து நழுவி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கறந்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வீட்டில் கறப்பது ஆண்கள் வேலை. மனைவி மாரிசெல்வி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், தீவனம் வைப்பார், சாணி அள்ளுவார். காம்பில் கை வைப்பதில்லை. கடற்கரைக்குத் தன் கையைப் பற்றி ஒரு கர்வமும் உண்டு. "நான் கறந்து எந்திரிச்சா மடியில ஒரு சொட்டு இருக்காது" என்று வீடு வீடாகச் சொல்லுவார். என் மனைவி சபிதாவிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

அப்பா காலத்தில் ஆட்டுக்கிடையும் மாடுகளும் நிறைந்திருந்த வீடு. இப்போது இருப்பது ஒரே ஒரு செவலைப் பசு. அக்கம்பக்கத்து வீட்டுப் பாலையும் வாங்கிச் சேர்த்துத்தான் கேன் நிறைகிறது. அந்தச் செவலை சித்திரையில் கன்று போட்டது. பிறந்த கன்றை, துணி தேடப் பொழுதில்லாமல், தான் போட்டிருந்த பச்சைக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றித் துடைத்திருக்கிறார். கன்று நாலு நாள்தான் இருந்தது.

கன்று போன மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கறக்க உட்கார்ந்தால் உதைக்கும், கத்தும், மடி கல்லாக இருக்கும், சொட்டுப் பால் இறங்காது. அந்தக் காலத்தில் செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்திக் கறப்பார்கள். கடற்கரைக்கு அதற்கு மனசு வரவில்லை. கன்றைப் புதைத்துவிட்டு வந்து, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, பேசாமல் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாடு சட்டையை மோந்து பார்த்து, நக்கி, நக்கிக்கொண்டே பாலை இறக்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சட்டையைத் துவைக்கவில்லை. இரண்டு வேளையும் கறக்கும்போது அதைப் போடுவார். மாடு நக்கும். கறந்து முடிந்ததும் கழற்றி மடித்து, கேன் ஆடாமல் இருக்க அதைக் கேனுக்கும் கேரியருக்கும் நடுவில் சொருகி, டியூப் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். சாயங்காலம் திரும்பவும் எடுத்துப் போடுவார். இந்தக் கதையைக் கேட்ட பிறகு இரண்டு நாள் நான் வரக்காப்பி குடித்தேன்.

ஒரே ஒரு தடவை அந்த ஏற்பாடு தவறியது. ஆனி மாதம், மாரிசெல்வி மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், டயர் வெடித்து அவர் வரத் தாமதமானபோது, பக்கத்து வீட்டு மாரிராஜ், நல்லது செய்வதாக நினைத்துக் கறக்கப் போயிருக்கிறார். மாரிராஜும் மாடு வைத்திருப்பவர்தான். செவலை அவரையும் செம்பையும் சேர்த்து உதைத்துத் தள்ளிவிட்டுப் பாலை எக்கிக்கொண்டது. பால் தங்கி ஒரு காம்பு வீங்கி, ஒரு வாரம் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு தடவை இப்படிப் பால் தங்கினால் காம்பு மட்டுமல்ல, மடியே கெட்டுப்போகும், பிறகு மாட்டை வைத்துப் பிரயோஜனமில்லை என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலைமையில்தான் ஜெயகிருஷ்ணன் சார் ஆகஸ்ட் பதினைந்து விடுமுறைக்கு வேம்பார் போகலாம் என்றார். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது சைக்கிள்களையும் எங்களையும் ஏற்றிவர சரக்கு ஓட்டும் இசக்கிபாண்டியின் குட்டியானை வண்டி. சாயங்காலம் வீடு திரும்ப இருட்டிவிடும் என்பதால் கடற்கரை மாட்டேன் என்றுதான் சொன்னார். போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது மாரிசெல்வி.

"இம்புட்டு வருசத்துல ஒரு நாளு. போயிட்டு வாங்க. மாரிராசு அண்ணன் அந்தச் சட்டையப் போட்டுக் கறந்துட்டுப் போறாவ. சட்டைய மட்டும் தொழுவத்துக் கொக்கியில மாட்டிட்டுப் போங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

முதல் நாள் ராத்திரி மாரிராஜுக்கு அந்தச் சட்டையைப் போட்டு மாட்டின் முன் நிறுத்தி ஒத்திகைகூடப் பார்த்தார்களாம். மாடு நக்கியிருக்கிறது. மாரிராஜ்தான் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே கடற்கரை கறந்துவிட்டு, பாலை மாரிராஜிடம் ஊற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கேனில் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். கிளப்பின் ஆரஞ்சு நிறப் பனியன் அவருடைய ஒல்லி உடம்பில் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. அரைக்கால் சட்டை மட்டும் போட மாட்டேன் என்று பேன்ட்டைச் சுருட்டி விட்டிருந்தார். துண்டைத் தலையில் கட்டி அதன்மேல் ஹெல்மெட். எல்லோர் கைப்பிடியிலும் காகிதக் கொடி படபடத்தது.

ஆடி மாதம் முடிகிற சமயம். மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். என் தொண்ணூறு கிலோ எம்மாத்திரம்? மிதிக்காமலேயே எட்டயபுரம் வந்துவிட்டது. அங்கே டீயும் வடையும். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், ஒரு பச்சை இல்லாமல் மழைக்குக் காத்துக் கிடந்தது. விளாத்திகுளம் தாண்டினால் வேலிக்கருவைக் காடு, நடுநடுவே கரிமூட்டப் புகை. அதற்கப்புறம் மண் நிறம் வெளுத்து மணலானது, பனைகள் தலைகாட்டின, காற்றில் உப்பு தெரிந்தது. கடற்கரை பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஊர் வாசலிலும் அவருடைய கை தானாக மணியடிக்கப் போனது. பிறகு ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

வேம்பாரில் கடல் அமைதியாகத்தான் இருந்தது. கரையில் படகுகள் ஏற்றிக் கிடந்தன. கடற்கரை முழங்கால் ஆழத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எம்புட்டுத் தண்ணி, பாத்தீங்களா அண்ணாச்சி? ஒரு பய காலம்பற எந்திரிச்சுக் கறக்க வேண்டாம்."

அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படியே விட்டிருக்கலாம். நான்தான் தாகம் எடுக்கிறது, தண்ணீர் கொடும் என்றேன்.

கரையேறி வந்து டியூப் கயிற்றை அவிழ்த்தார். கேனைத் தூக்கினார். தூக்கிய கேனோடு அப்படியே நின்றுவிட்டார். கேரியரில், நாலாக மடித்து, அழகாகச் சொருகியபடி அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை இருந்தது.

கொக்கியில் மாட்ட வேண்டும் என்று மனசு நினைத்திருக்கிறது. கை, சித்திரையிலிருந்து தினமும் செய்வதைச் செய்துவிட்டது. கறந்து முடித்தால் சட்டையைக் கழற்று, மடி, கேனுக்கு அடியில் சொருகு. இருட்டில் அதுபாட்டுக்கு நடந்து முடிந்திருக்கிறது.

"ஐயையோ" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயகிருஷ்ணன் சார் ஈரத்தோடு ஓடிவந்தார். "வேற சட்டை ஏதாவது..."

"வேற சட்டைக்கு எறக்காது சார். அந்தக் கன்னுக்குட்டி வாசனை இதுலதான் இருக்கு."

வழக்கத்தைவிட முன்னதாகக் கறந்துவிட்டு வந்ததால் மூன்று மணிக்கெல்லாம் மடி கட்டிக்கொள்ளும். மாரிசெல்வியின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஒரு வாரமாக ரிப்பேர் கடையில் கிடந்தது. கடற்கரை மாரிராஜுக்குப் போன் போட்டார்.

"ஏலே மாரிராசு, சட்டை எங்கிட்ட வந்துட்டுலே. நீ மாட்டத் தொட்டுராத. நான் கொண்டுக்கிட்டு வாரேன். செல்விகிட்டச் சொல்லிரு, யாரும் தொடக்கூடாது."

எதிர்முனையில் மாரிராஜ் சொன்னது எனக்கே கேட்டது. "நான் எதுக்குத் தொடுதேன்? போன மட்டம் வாங்குன உதையே இன்னும் வலிக்கி."

இசக்கிபாண்டிக்குப் போன் போட்டோம். அவர் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எட்டயபுரத்தில் இறக்கப் போய்க்கொண்டிருந்தார். இறக்கிவிட்டு உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார். பஸ்ஸைக் கேட்டால், இப்போதுதான் போனது, அடுத்தது மத்தியானத்துக்கு மேல் என்றார் டீக்கடைக்காரர்.

"வண்டி வர்ற வரைக்கும் இங்கன இருந்து நான் என்ன செய்ய? எதுத்தாப்ல போறேன் சார். எங்க சந்திக்கமோ அங்கன ஏறிக்கிடுதேன்" என்று எழுந்தார் கடற்கரை.

யாரையும் தனியாக அனுப்பக் கூடாது என்பது கிளப் விதி. எல்லோரும் கழுத்து வரை நனைந்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் சருமத்துக்கு ஆகாது என்று காய்ந்த காலோடு கரையில் நின்ற ஒரே புத்திசாலி நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வரும்போது முதுகைத் தள்ளிய காற்று இப்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. மிதித்தால் சைக்கிள் நகர்கிறதா என்று பக்கத்துப் பனையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணெல்லாம் மண். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், ஒரு காற்றுத் தடுப்புக் கண்ணாடி போட்டு வரத் துப்பில்லாமல் போனேன். கடற்கரை முன்னால் போனார். நான் அவருடைய கேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். ஒரு சட்டைக்காக இந்தப் பாடா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் சட்டையை இப்போது அவர் கேரியரில் வைக்கவில்லை. பனியனுக்குள்ளே, வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

"தண்ணிய ஊத்திரும்வே. எதுக்கு இந்தப் பாரம்?" என்று கத்தினேன்.

"பாரம் இல்லாட்டி எனக்கு ஓட்ட வராதுல்லா அண்ணாச்சி!"

விளாத்திகுளத்துக்கு முன்னால் ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு செம்மறி மந்தை வந்தது. ஆடுகள் நாக்குத் தள்ளிப் போயிருந்தன. மேய்த்த அம்மாள் கையில் ஒரு அலுமினியச் சட்டி மட்டும் இருந்தது. "ஐயா, குட்டிகளுக்கு ஒரு வா தண்ணி இருக்கா?" என்று கேட்டார். கடற்கரை வழியைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். மந்தைக்காரர் வீட்டுப் பிள்ளை. இறங்கிக் கேனை அப்படியே சட்டியில் சாய்த்தார். சட்டி நிரம்ப நிரம்பக் குட்டிகள் முட்டி மோதிக் குடித்தன. கேன் காலியாகும் வரை பிடித்திருந்துவிட்டு, கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார்.

சைக்கிள் அலையவில்லை. காலிக் கேன் லொட லொட என்று அடித்துக்கொள்ள, நூல் பிடித்ததுபோல் போனார். அவருக்கு அது தெரியவே இல்லை. மனசு முழுக்கத் தொழுவத்தில் இருந்தது. இப்போது பார்த்து இதைச் சொன்னால் விழுந்துவிடப் போகிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

விளாத்திகுளம் தாண்டி, நான் இனி ஒரு மிதிகூட முடியாது என்று புளியமர நிழலில் சாய்ந்தபோது எதிரே குட்டியானை வந்தது. இசக்கிபாண்டி இறங்கி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கடலு வெரட்டிட்டா?"

ஜெயகிருஷ்ணன் சாரிடம் போனில் சொன்னோம். வண்டி வேம்பாருக்கு வந்து எல்லோரையும் ஏற்றுவதுதான் ஏற்பாடு. அவர் யோசிக்கவே இல்லை. "முதல்ல அவரை வீட்ல கொண்டு விடுங்க. நாங்க மீன் சாப்பாட்டுக்குச் சொல்லிட்டோம். எத்தனை மணி ஆனாலும் இருக்கோம்" என்றார். அந்த மனிதரின் சைக்கிள் துணியைப் பற்றி இனிக் கேலி பேசக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மேலே பேசியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

வண்டியில் கடற்கரை சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். எட்டயபுரம் தாண்டும்போது மூன்று மணி ஆகிவிட்டது. அவருடைய விரல்கள் சட்டையின் மேல் கறப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தன.

"இந்நேரம் கத்திக்கிட்டு நிக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்மள மாதிரி ஆளுவ சும்மா போறது ஆகாது அண்ணாச்சி. இதோட போதும். இனிமே என்னயக் கூப்பிடாதீங்க" என்றார்.

மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதர் கடலைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காலம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொள்வார். ஆண்டவரே, அந்த மடியைப் பாரும் என்று வாய்விட்டே ஜெபம் பண்ணினேன். ஒரு மாட்டின் மடிக்காக நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டு முன்னால் வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டார். தொழுவத்தில் சத்தமே இல்லை. கத்தாத மாடு அவரை இன்னும் பயமுறுத்தியது. செருப்பு ஒன்று கழன்று விழ, எடுக்காமல் ஓடினார். நானும் தொந்தியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கடற்கரை மண்டியிட்டு மடியைத் தொட்டார். நாலு காம்பையும் ஒவ்வொன்றாகத் தடவினார். மறுபடியும் தடவினார். மடி பஞ்சாகத் தொளதொளத்துக் கிடந்தது. பக்கத்தில் மூடிய தூக்குவாளி. திறந்தால் நுரை அடங்காத பால்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாரிராஜின் தலை தெரிந்தது. "நான் தொடலப்பா! சத்தியமாத் தொடல!"

"பொறவு யாருலே கறந்தா?"

அடுப்படியிலிருந்து மாரிசெல்வி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாந்தான்" என்றார்.

"நீயா? ஒனக்குத்தான் கறக்கத் தெரியாதே!"

"தெரியாதுன்னு எப்பச் சொன்னேன்? தெரியும்னு சொல்லல, அம்புட்டுத்தான். சொல்லியிருந்தா அந்த வேலையும் எந் தலையிலல்லா விழுந்திருக்கும்? சாணி அள்ளுதேன், தண்ணி காட்டுதேன், புல்லு அறுக்கேன். இதையும் செய்யணுமாக்கும்?"

"சட்டையில்லாம எப்படிட்டி எறக்குச்சு?"

மாரிசெல்வி என்னைப் பார்த்தார். வெளியாள் முன்னால் சொல்லலாமா என்று ஒரு யோசனை. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அந்தச் சட்டைக்கு முன்னாடியே எங் கை பழக்கம் அதுக்கு. காலம்பற நீங்க கேனத் தூக்கிக்கிட்டுப் போனதும் நான் போய் உக்காருவேன். ஒரு தம்ளர் கெடைக்கும். அதுலதான் நான் காப்பி போட்டுக் குடிக்கது."

"ஒரு தம்ளரா?" கடற்கரை மடியைத் திரும்பிப் பார்த்தார். "நான் கறந்த பொறவா?"

"ஒரு சொட்டு இருக்காதுன்னு நீங்க ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரிவீங்க. நான் காப்பியக் குடிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்."

மாரிராஜின் தலை சுவருக்குப் பின்னால் மறைந்தது. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. நானும் சிரித்துவிட்டேன். கடற்கரை கோபப்படுவார் என்று நினைத்தேன். முப்பது வருஷக் கர்வம் அல்லவா? அவர் சாணித் தரையிலேயே உட்கார்ந்து, மாட்டின் விலாவில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

"யாரும் தொடக்கூடாதுன்னு நான் சொல்லிவிட்டேனே" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மாரிராசு அண்ணன் வந்து சொன்னாவ. மாடு கத்துச்சு. ஒங்க பேச்சக் கேக்கவா, மாடு பேச்சக் கேக்கவா?"

கடற்கரை பனியனுக்குள்ளும் மடியிலும் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த அந்தச் சட்டையை விரித்து மாட்டின் முகத்தருகே நீட்டினார். செவலை மோந்து பார்த்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. பிறகு தலையைத் திருப்பி, வைக்கோலில் ஒரு வாய் இழுத்தது.

அவர் இன்னொரு தடவை நீட்டவில்லை. மாரிசெல்வி இரண்டு விரலால் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டு அமுக்கினார். அவர் தடுக்கவில்லை. சட்டை உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இசக்கிபாண்டி மற்றவர்களை ஏற்றி வர வேம்பாருக்குத் திரும்பிப் போனார். எனக்கும் கடற்கரைக்கும் ஆளுக்கொரு தம்ளர் காப்பி வந்தது. சட்டைக் கதையைக் கேட்ட பிறகு, அந்த மாட்டுப் பாலில் போட்ட காப்பியை முதல் தடவையாக எந்த நினைப்பும் இல்லாமல் குடித்தேன். கடற்கரை பாதி குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்தார்.

"நல்ல பாலு" என்றார்.

"கடைசிப் பாலுல்லா. அதான் கெட்டி" என்றார் மாரிசெல்வி.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். வரும்போது வண்டியில் சொன்னதை நான் எடுத்துப் பேசவில்லை. காலிக் கேனோடு அவர் நேராக ஓட்டி வந்ததை மட்டும் சொன்னேன். அவரே தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, அடுத்தாப்ல எந்தூரு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடம்பூர் போனோம். கடற்கரை கேன் இல்லாமல் வந்தார். கேரியர் காலி. ஒரு கையை விட்டுவிட்டு, எங்களையெல்லாம் தாண்டி, நேராகப் போனார். பாட்டில் கொண்டுவரும் வழக்கத்தை விட்டுவிட்ட நாங்கள்தான் தொண்டை வறண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.